கைக்குழந்தையோடு யாஸ் தீவு

கேள்வி: மதுரையிலிருந்து மாமனார், மாமியார் விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள். ஐந்து மாதக் குழந்தையோடு ஆகஸ்டில் அபுதாபி யாஸ் தீவில் உள்ள தீம் பார்க் போகலாமா?
– ஒரு வாசகி, ஷார்ஜா

பதில்: தாராளமாகப் போங்கள், கூரைக்குக் கீழே! ஆகஸ்டில் வெயில் 45 டிகிரியைத் தொடும். கைக்குழந்தையின் உடம்பு நம்மைப்போல் சூட்டைச் சமாளிக்காது. 2018இல் திறந்த வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டு முழுக்கக் குளிரூட்டிய கட்டடத்துக்குள் இருக்கிறது. 2023இல் வந்த சீவேர்ல்டும் பெரும்பாலும் அப்படித்தான். என் ஓட்டு அதற்கே. மீனை வேடிக்கை பார்க்க உயரம் அளக்கமாட்டார்கள். தாத்தாவும் பேரப்பிள்ளையும் ஒரே மாதிரி வாய் பிளந்து நிற்கலாம். உள்ளே ஏசி குளிரும், முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெராரி வேர்ல்டில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் ஃபார்முலா ரோசா ரோலர் கோஸ்டரில் உங்கள் கணவர் ஏறட்டும். இறங்கியதும் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள். எப்போதும் அம்மாவே வெளியே நிற்பது அநியாயம்.

"வெயிலாச்சே, ரெண்டு வாய் தண்ணி குடு" என்று மாமியார் சொல்வார். அன்பாக மறுத்துவிடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே தண்ணீரும்தான். அடிக்கடி கொடுத்தால் போதும். தள்ளுவண்டியைத் துணியால் மூடாதீர்கள், உள்ளே சூடு ஏறிவிடும்.

போகும் வழியில் பாட்டி மடி எவ்வளவு பாசமானாலும், காரில் குழந்தைக்குத் தனி இருக்கைதான். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு அமீரகச் சட்டப்படி அது கட்டாயம். மீறினால் அபராதம் 400 திர்ஹம்.