கப்பலேறிய ஊசி

தமிழில் மானம்தான் கப்பலேறும். அமெரிக்காவில் தையல் மெஷினும் ஏறுகிறது. கோடைக்காலத்தில் சியாட்டிலிலிருந்தும் வான்கூவரிலிருந்தும் அலாஸ்காவுக்குப் புறப்படும் ஏழு நாள் சொகுசுக் கப்பல்களின் வரிசையில் தொலைநோக்கியும் கேமராவுமாக ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு தம்பதி. கணவர் கையில் சிறிய கறுப்புப் பெட்டி. மனைவி வாயில் "பார்த்து, பார்த்து" என்ற எச்சரிக்கை. அம்மாளுக்கு அறுபது தாண்டியிருக்கும். கழுத்துச் சங்கிலியில் ஒரு மூக்குக்கண்ணாடி தொங்க, இன்னொன்று தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும். சட்டைக் காலரின் உட்புறம் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் தயார். பெட்டிக்குள் இருப்பது சிங்கர் நிறுவனம் 1933-ல் கொண்டுவந்த ஃபெதர்வெயிட் 221 மெஷின். பெயரில்தான் இறகு, எடை ஐந்து கிலோ. இறகு என்று நம்புகிறவர் மனைவி, சுமக்கிறவர் கணவர் என்பதால் இருவருக்கும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. இந்த வகையினரைத் தையற்பயணி என்று அழைக்கலாம். தீர்த்தப்பயணி தண்ணீரைத் தேடி ஊர் ஊராகப் போகிறார். தையற்பயணியைச் சுற்றி நாலாபுறமும் தண்ணீர், அவரோ ஊசியின் காதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இவர்மீது உலகம் சுமத்தும் குற்றச்சாட்டு எளிமையானது: விடுமுறையிலும் வேலை செய்கிறார், சும்மா இருக்கத் தெரியாதவர், வீட்டுப் பாரத்தைக் கடல்வரை இழுத்து வந்தவர். பக்கத்து மேசைக்காரர்கள் பரிதாபத்தோடு பார்க்கிறார்கள். பிள்ளைகள், "அம்மா, ஒரு வாரமாவது கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாதா?" என்று கேட்டுத்தான் வழியனுப்புகிறார்கள். இந்தக் குற்றச்சாட்டு முழுத் தவறு. தையற்பயணி வேலையே செய்வதில்லை. அந்தக் கப்பலில் உண்மையாகச் சும்மா இருப்பவர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். ஊசி அவருடைய தொழிற்கருவி அல்ல. சும்மா இருப்பதற்கு அவர் வாங்கி வைத்திருக்கும் அனுமதிச் சீட்டு. கேட்பதற்கு இது வக்கீல் வாதம்போல இருக்கலாம். ஆனால் சாட்சியம் முழுவதும் அவருடைய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. திறந்து பார்த்தால் போதும்.

முதலில், அவர் தைக்கும் பொருள். அமெரிக்கர்கள் குயில்ட் என்று சொல்வது, சின்னச் சின்ன வண்ணத் துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்துத் தைக்கும் போர்வை. குயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்கான துணியை 18-க்கு 22 அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஃபேட் குவார்ட்டர் என்ற பெயரில் விற்கிறார்கள். குவார்ட்டர் என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு வேறு கடை நினைவுக்கு வந்தால் அதுவும் முழுப் பிழையல்ல. "இது ஒன்றுதான், இத்தோடு நிறுத்திவிடுவேன்" என்ற வசனம் இரண்டு கடைகளிலும் ஒன்றே. வாங்கியதை வீட்டில் ஒளித்து வைக்கும் பழக்கமும் ஒன்றே. ஏழு நாள் பயணத்துக்கு அவர் எடுத்து வைக்கும் துணி ஏழு மாதத்துக்குப் போதும். ஆனால் கப்பலின் விதிகளைப் பாருங்கள். தீப்பிடிக்கும் என்பதால் அறைக்குள் இஸ்திரிப்பெட்டிக்குத் தடை. பல கப்பல்களில் கத்தரிக்கோலின் அலகு நான்கு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. துணித் துண்டுகளை இணைக்கும் கலையில் பாதி வேலை ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டுப் படிய வைப்பது. அதற்கு வழியில்லாத இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கிளம்புகிறவர் வேலை முடிக்கும் எண்ணத்தோடு கிளம்பியவராக இருக்க முடியுமா? அடுப்புக்கு அனுமதியில்லாத சத்திரத்துக்குச் சமையல்காரர் கரண்டியோடு போனால், அவர் ஓய்வெடுக்கப் போகிறார் என்றுதானே பொருள்?

அடுத்த சாட்சி, கணக்கு. மெஷினை அவர் பெரும்பாலும் வெளியே எடுப்பதில்லை. அதிர்வுச் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும் என்பது அவர் சொல்லும் காரணம். கையால் தைப்பதில் அவர் விரும்பிச் செய்வது, காகிதத்தில் வெட்டிய அறுகோணத்தின்மேல் துணியை மடித்துப் பிடித்து, ஒன்றோடொன்று ஓரம் சேர்த்துத் தைக்கும் முறை. அறுகோணத்தின் ஒரு பக்கம் ஓர் அங்குலம். இருவர் படுக்கும் கட்டிலுக்கு 90-க்கு 100 அங்குலப் போர்வை என்று வைத்தால், சுமார் 3,460 அறுகோணங்கள் வேண்டும். காலை உணவு, மதிய உணவு, இடையில் தேநீர், இரவு விருந்து, அதற்குப் பிறகு நள்ளிரவுப் பலகாரம் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு நாளைக்கு இருபது தைப்பார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஏழு நாளில் 140. போர்வை முடிய இன்னும் இருபத்து நான்கு முறை அலாஸ்கா போக வேண்டும். வேலை செய்வதாக ஒருவர்மீது குற்றம் சாட்டுமுன் அவர் எவ்வளவு செய்தார் என்று பார்ப்பது நியாயம். இந்த வேகத்தில் கோப்பு நகர்த்தும் குமாஸ்தாவை எந்த அலுவலகமும் உழைப்பாளி என்று சொல்லாது. இப்படிப் பாதியில் நிற்கும் உருப்படிகளுக்குக் குயில்ட் தைப்பவர்களே வைத்திருக்கும் பெயர் யூ.எஃப்.ஓ., அதாவது முடிக்காத உருப்படி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மற்றவர்களுக்கு அது பறக்கும் தட்டு. இவர்களுக்கு அலமாரியிலிருந்து இறங்காத மூட்டை.

சரித்திரமும் தையற்பயணியின் பக்கம்தான். பாய்மரக் காலத்தில் கப்பலில் ஊசி பிடிக்காத கை அபூர்வம். கிழிந்த பாயைத் தைக்கத் தனி ஆள் உண்டு. தன் சட்டையைத் தானே தைத்துக்கொள்வது மாலுமியின் கடமை. பிரிட்டிஷ் கடற்படையில் அதற்கென்றே வாரத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்கினார்கள். மேக் அண்ட் மென்ட் என்று அதற்குப் பெயர், அதாவது தைக்கவும் ஒட்டுப்போடவுமான நேரம். காலப்போக்கில் ஆயத்த உடை வந்தது, தையல் போயிற்று, பிற்பகல் மட்டும் போகவில்லை. இன்றும் அந்தக் கடற்படையில் மேக் அண்ட் மென்ட் என்றால் அரைநாள் விடுப்பு என்றே அர்த்தம். தையல் என்ற சொல் ஓய்வு என்ற பொருளுக்கு மாறியது கப்பலில்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நேர் எதிரான சான்றும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1841 ஏப்ரலில் இங்கிலாந்தின் வூலிச்சிலிருந்து சுமார் 180 பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு ராஜா என்ற கப்பல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டுக்குப் புறப்பட்டது. சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரையின் சங்கத்துப் பெண்மணிகள் அவர்களுக்கு ஊசி, நூல், ஒட்டுத்துணி எல்லாம் கொடுத்தனுப்பினார்கள். ஜூலையில் கப்பல் கரைசேர்ந்தபோது 2,815 துண்டுகள் கொண்ட போர்வை தயாராக இருந்தது. உழைப்போடு இருக்கும்படி நீங்கள் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை என்று அந்தப் போர்வையிலேயே நன்றியையும் தைத்து வைத்திருந்தார்கள். இன்று அது ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் பொக்கிஷம். அதுதான் உழைப்பு: நூற்றைந்து நாள், போக்கிடமற்ற பெண்கள், முடிந்த போர்வை. அவர்கள் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதற்காக ஊசியைக் கொடுத்தார்கள். நம் அம்மாள் சும்மா இருப்பதற்காக ஊசியை எடுத்துப் போகிறார். பொருள் ஒன்று, திசை வேறு.

சும்மா இருக்க ஒரு சாக்கு எதற்கு, நேராகவே சும்மா இருந்துவிடலாமே என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சும்மா இருப்பது ஞானிகளுக்கே பெரும்பாடு என்று நம் ஊரில் சொல்வார்கள். இல்லத்தரசிக்கு அது பெரும்பாடு மட்டுமல்ல, பெரும்பழியும்கூட. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஆணைப் பார்த்து, "பாவம், அசதி" என்கிறோம். அதே நாற்காலியில் அதே நிலையில் பெண் இருந்தால், "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். நாற்பது வருடம் இப்படித் தொட்டுப் பார்க்கப்பட்ட நெற்றிக்குச் சொந்தக்காரர், மடியில் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டார். மடியில் துணி இருந்தால் யாரும் காபி கேட்பதில்லை. சாவி எங்கே என்று கேட்பதில்லை. ஆடச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பதில்லை. "ஏதோ வேலையாக இருக்கிறார்" என்று விலகிப் போகிறார்கள். அவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தையல் போட்டுவிட்டு, மீதி நேரம் அலையை வெறித்துப் பார்க்கிறார். தையல் என்ற சொல்லுக்கே தமிழில் பெண் என்றும் பொருள் உண்டு. ஒரே சொல்லில் வேலையையும் வேலைக்காரரையும் கட்டிவைத்தவர்களுக்கு, அந்த வேலையின் மறைவில் அவர் இளைப்பாறுவது தெரியாமல் போனதில் வியப்பில்லை.

கடுமையான ஆட்சேபணை ஒன்று பாக்கி: அவ்வளவு பணம் கட்டிப் போய்விட்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் ஊசியைப் பார்ப்பது அநியாயம் அல்லவா? கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சொகுசுக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. அத்தனை அரிய இடத்தில், மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நிற்கும்போது, இவர் அறுகோணம் மடிக்கிறார். பனிச்சுவர் உடைந்து விழும் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் கதை முடிந்திருக்கும். அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால் ஒலி வந்துசேர ஒன்றரை விநாடி ஆகும். பனிக்கட்டி அதுவரை காத்திருக்காது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்: விழுந்ததில் பாதியை இவர் தவறவிடுகிறார். ஆனால் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தவர் மீதிப் பாதியைத் தவறவிட்டார். அவர் பார்த்தது உள்ளங்கை அளவுத் திரையில் விழுந்த சர்க்கரைக்கட்டியைத்தான். தவிர, பனியாறு கால அட்டவணைப்படி உடைவதில்லை. எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்காகக் காத்திருப்பதற்குக் கைவேலையைப்போல உதவுவது வேறில்லை. ரயில் நிலையத்தில் பூ தொடுக்கும் பெண்ணைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உண்மையில் இவரைக் குறை சொல்லத் தோதான இடம் வேறு. குயில்ட் வடிவங்களில் கடற்புயல் என்று ஒன்று இருக்கிறது. முக்கோணமும் நாற்கோணமும்தான், எல்லாம் நேர்த்தையல். தள்ளி நின்று பார்த்தால் அலை வளைந்து புரள்வதுபோல இருக்கும். வெளியே உண்மைக் கடல் கண்ணாடிபோல அசையாமல் கிடக்க, ஜன்னல் இல்லாத மலிவு அறையில் உட்கார்ந்து துணியில் கடற்புயல் கிளப்புகிறவரை எந்த வக்கீலாலும் காப்பாற்ற முடியாது. ஜன்னல் அறைக்கும் இதற்குமான விலை வித்தியாசத்தில் எத்தனை குவார்ட்டர் வாங்கலாம் என்று அவர் சொல்லும் விளக்கம் வழக்கை இன்னும் கெடுக்கும்.

வீட்டிலேயே தைக்கலாமே என்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது: வீட்டில் தையல் மேசை என்பது சாப்பாட்டு மேசை. மணி பன்னிரண்டானால் துணியைச் சுருட்டித் தட்டை வைக்க வேண்டும். கப்பலில் தட்டு வைப்பது வேறொருவர் கவலை. தட்டு வைக்காதபோது மற்றப் பயணிகள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்பதரைக்கு வினாடி வினா, பத்தரைக்குக் கைத்துண்டில் யானை மடிக்கும் பயிற்சி, பதினொன்றுக்கு நடன வகுப்பு, மதியம் பிங்கோ, மாலையில் ஏலம் என்று தினசரி நிரலில் கோடிட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். நீச்சல்குளத்து நாற்காலிக்கு விடியற்காலையிலேயே துண்டு போட்டு இடம்பிடிப்பது தனி உத்தியோகம். ஓய்வுக்கு வந்தவர்கள் மூச்சு வாங்க ஓடும்போது, ஓடாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, "இவருக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை" என்பது வேடிக்கை. தையற்பயணிகளிலும் அப்படி ஓடுகிற பிரிவு உண்டு. ஆசிரியரோடு குழுவாகப் பதிவு செய்து, கூட்ட அறையில் மெஷின்களை வரிசையாகப் போட்டு, கப்பல் கடலில் இருக்கும் நாளெல்லாம் வகுப்பு நடத்துவார்கள். அவர்களுக்கு இஸ்திரிப்பெட்டியும் முறைப்படி கிடைக்கும். என் வாதம் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் நிஜமாகவே தைக்கிறார்கள்.

கரையிறங்கும் நாளில் கணவரின் பங்கு தொடங்குகிறது. கெட்சிகன் ஊரில் சென்னையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மழை பெய்கிறது. ஆகவே, "மழைக்கு ஒதுங்குவோம்" என்று சொல்லித் துணிக்கடைக்குள் நுழைவதில் பொய் இல்லை. ஜூனோவிலும் ஸ்காக்வேயிலும் மழை இல்லாவிட்டால், "வந்தால் எங்கே ஒதுங்குவது?" என்ற முன்யோசனை. கரடி, சால்மன் மீன், திமிங்கிலம் அச்சிட்ட துணியெல்லாம் அலாஸ்காவின் நினைவுப்பொருள் என்ற கணக்கில் பைக்குள் போகும். கணவர் வாசலருகே நாற்காலி தேடி உட்கார்ந்து, தன்னைப்போலவே உட்கார்ந்திருக்கும் இன்னொருவரிடம் எந்த ஊர் என்று விசாரிப்பார். அவர் புகார் சொல்வதில்லை. மனைவி கையில் ஊசி இருக்கும்வரை தன்னை நடன வகுப்புக்கு யாரும் இழுக்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். அனுமதிச் சீட்டு ஒன்று. அதில் பயணம் செய்கிறவர்கள் இருவர்.

கப்பலையும் ஊசியையும் ஒன்றாகச் சொன்னால் தமிழருக்குப் பட்டினத்தார் நினைவு வராமல் போகாது. கடல் வணிகத்துக்குப் போய் வந்த மகன் பேழைக்குள் விட்டுச்சென்ற காதறுந்த ஊசியைக் கண்டு, கடைசியில் எதுவும் கூட வராது என்று தெளிந்து துறவு பூண்டார் என்பது கதை. தையற்பயணியின் ஊசிக்குக் காது பத்திரமாக இருக்கிறது. அதனால் உபதேசமும் நேர்மாறு. எட்டாம் நாள் காலை இறங்கும்போது எல்லாமே கூட வருகின்றன: கொண்டுபோன துணி அப்படியே, மூன்று துறைமுகத்துத் துணி மேலே, திறக்காத மெஷின் கணவர் கையில், 140 அறுகோணங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில். பிள்ளைகள், "போர்வை முடிந்ததா அம்மா?" என்று கேட்பார்கள். அடுத்த வருடம் முடித்துவிடலாம் என்று அவர் முகம் மாறாமல் சொல்வார். போர்வைக்கு எத்தனை துண்டு, பயணத்துக்கு எத்தனை துண்டு என்ற வகுத்தல் கணக்கு அவருக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள், அங்குலம் அங்குலமாக அளந்து வெட்டுகிறவரைச் சரியாக அளந்து பார்க்காதவர்கள்.