கொத்மலைத் தேயிலையில் வட்டம் விழாமை: ஒரு பூர்வாங்க ஆய்வு

இங்கிலாந்துக் கோதுமை வயல்களில் ஒரே இரவில் தோன்றும் வட்டங்களைப் பற்றி எழுதிக் குவித்தாயிற்று. இலங்கை மலையகத்தின் கொத்மலைத் தேயிலைக்கு அந்தப் பேறு ஏன் வாய்க்கவில்லை என்பதே இவ்வாய்வின் கவலை.

வான்வழி வரத்துக்கு இங்கே குறைவில்லை. இராவணன் சீதையைப் புஷ்பக விமானத்தில் ஏற்றிப்போன வழி என்று, றம்பொடைப் பக்கத்து மலையுச்சியில் மரமில்லாத புல்வெளியைச் சுற்றுலா வழிகாட்டிகள் காட்டுகிறார்கள். 2020 ஜூலையில் இலங்கையின் சுற்றுலா, விமானப் போக்குவரத்து அமைச்சே, இராவணனின் வான்வழிகள் பற்றி ஆவணம் வைத்திருப்போர் தந்துதவுமாறு பத்திரிகையில் விளம்பரம் போட்டது. ஒரேயொரு எரிபொருள் பற்றுச்சீட்டு அகப்பட்டிருந்தால் எம் வேலை பாதி முடிந்திருக்கும்.

ஆகவே குறை வானத்தில் இல்லை, நிலத்தில். வட்டம் போடத் தோதான நெல்வயல்கள் கொத்மலைப் பள்ளத்தாக்கில் இருந்தன. மகாவலித் திட்டத்தின் அணை 1985இல் முடிந்தது. நீர்த்தேக்கம் வயல்களை விழுங்கியது. எஞ்சியது தேயிலை. கோதுமைத் தாள் மிதித்தால் படுக்கும். தேயிலையோ மரம், வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மிதித்தால் கால்தான் கிழியும்.

டக் பவர், டேவ் சோர்லி என்ற இரு ஆங்கிலேயர், பலகையும் கயிறும் கொண்டு தாங்களே வட்டம் போட்டு வந்ததாக 1991இல் ஒப்புக்கொண்டார்கள். மறுவருடம் இக் நோபல் என்னும் கேலிப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. இங்கேயும் கம்பு உண்டு: மட்டக்கம்பு. கொழுந்தெடுக்கும் அக்காமார் அதைச் செடிமேல் கிடத்தி, அதற்கு மேல் நிமிர்ந்ததைக் கிள்ளுவார்கள். ஒரு மலை முழுக்க விரித்த பாய்போல மட்டமாகிவிடும். இந்த வடிவ கணிதத்துக்குப் பரிசு கிடையாது. நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், மட்டும் உண்டு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். தேயிலை மலையிலும் வட்டங்கள் இருக்கின்றனவே? இருக்கின்றன. பொரியா என்ற பூஞ்சணம் வேர் வழியே செடிக்குச் செடி தொற்றி நாலாபக்கமும் பரவுவதால் திட்டாகச் செடிகள் பட்டுப்போகும். பட்டதையும், அதைச் சுற்றி நல்லதுபோல் தெரிவதையும் சேர்த்தே பிடுங்க வேண்டும். வட்டம் இன்னும் பெரிதாகும். மின்னல் விழுந்தாலும் அப்படித்தான், ஒரு கூட்டம் செடி மொத்தமாகக் கருகும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கையில் இதற்கெல்லாம் மர்மமாக இருக்க வாய்ப்பில்லை. தவிர, தோட்டத்தில் வட்டம் விழுந்தால் முதலில் வந்து நிற்பது புகைப்படக்காரரல்ல, கணக்கப்பிள்ளை. எத்தனை செடி, யாருடைய நிரை, ஏன் நேற்றே சொல்லவில்லை என்று மூன்று கேள்வி கேட்பார். இந்த விசாரணைக்குத் தாக்குப்பிடிக்கக்கூடிய வேற்றுக்கிரகவாசி எவருமில்லை என்பது எம் துணிபு.

எஞ்சும் ஒரே சாத்தியம் கவ்வாத்து மலை. சில வருடங்களுக்கு ஒருமுறை செடிகளைக் கட்டையாக வெட்டியதும் மேட்டு நிலம் மொட்டையாய்த் திறந்து கிடக்கும். சிறு விமானம் ஒன்று மெல்ல இறங்கலாம். தடயம் விழுந்தால் அங்கே வெட்டுண்டு கிடக்கும் கிளைகளான மிலாற்றின் மேல்தான் விழ வேண்டும். ஆனால் மிலாறு நல்ல விறகு. வேலை விட்டு வருகிறவர்கள் கட்டாகக் கட்டித் தலையில் வைத்து லயத்து வீடுகளுக்குக் கொண்டுபோவார்கள். ஆய்வாளர் கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்குள் ஆதாரத்தில் சோறு வெந்திருக்கும்.