கிரேக்க முதற்பயணத் திட்டம்: ஒரு பதிப்பியல் ஆய்வு

கிரேக்க நாட்டின் தொல்லிடங்களைக் காண்பதற்கான முதற்பயணத் திட்டம் என்பது, பத்து நாள் விடுப்புக்குள் ஈராயிரம் ஆண்டு வரலாற்றை அடக்கிவிட முயலும் குறுநூல். இக்காலத்தில் இது பெரும்பாலும் எக்செல் தாளில் எழுதப்படுகிறது. பழைய காலண்டரின் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்ட படிகளும் சில வீடுகளில் கிடைக்கும். ஆசிரியர் ஒருவரே எனினும் உரையாசிரியர்களுக்குக் குறைவில்லை. வீட்டுக்காரி, மைத்துனர், போன வருடமே போய்வந்துவிட்ட அலுவலக நண்பர் என ஆளுக்கொரு பாடம் சொல்வர். ஆதலால் இதைப் பாடபேதமும் இடைச்செருகலும் விடுபாடும் மலிந்த ஒரு சுவடியாகக் கொண்டு ஆராய்வதே முறை.

எல்லாத் திட்டங்களுக்கும் மூலபாடம் ஏறத்தாழ ஒன்றே. ஏதென்ஸ், டெல்ஃபி, ஒலிம்பியா, மைசீனி, எபிடாரஸ், டீலோஸ், கிரீட் தீவின் நோசோஸ், வடக்கே வெர்ஜினா. வரைபடத்தில் இவை யாவும் ஒரு சாணுக்குள் அடங்கும். பிழை தொடங்கும் இடமும் அதுவே. ஏதென்ஸிலிருந்து டெல்ஃபி ஏறத்தாழ 180 கி.மீ. மலைப்பாதை, பேருந்து மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஒலிம்பியாவோ பெலோபொனீஸின் மேற்கோரத்தில், ஏதென்ஸிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. தள்ளி உள்ளது. இவ்விரண்டுக்கும் நடுவே கொரிந்த் வளைகுடா. அதன் குறுகிய வாயில் 2004-இல் ரியோ–அந்திரியோ பாலம் திறக்கப்பட்டது. "காலையில் டெல்ஃபி, மாலையில் ஒலிம்பியா" என்ற பாடம் தோன்ற அப்பாலமே காரணம் என்று ஊகிக்கலாம். பாலம் இருக்கிறது என்பது உண்மை. மாலை ஒலிம்பியா திறந்திருக்கும் நேரத்துக்குள் வந்து சேருமா என்பதை இப்பாடத்தைச் சொல்வோர் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

இடைச்செருகல்களுள் தலையாயது சாந்தோரினி. தொல்லிடப் பயணம் என்று தலைப்பிட்ட நூலுள், வெள்ளை வீடுகளுக்கு மேல் சூரியன் மறைவதைப் பார்க்க இரண்டு இரவுகள் நுழைவது எவ்வாறு? பதிப்பாசிரியர்கள் இதற்கு அக்ரோதிரியைக் காட்டிச் சமாதானம் சொல்வர். சமாதானம் வலுவானதே. கிறிஸ்துவுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர் அது. 1967-இல் ஸ்பிரிடோன் மரினாடோஸ் தோண்டத் தொடங்கியபோது மாடி வீடுகளும் கழிவுநீர்க் கால்வாய்களும் சுவரோவியங்களும் வெளிப்பட்டன. இறந்தோரின் எலும்புகள் மட்டும் வீடுகளுக்குள் கிடைக்கவில்லை. எரிமலை வெடிப்பதற்குள் ஊரார் கிளம்பிவிட்டனர் என்று கருதுகின்றனர். திட்டமிட்டுக் குறித்த நேரத்தில் புறப்பட்ட குழுவுக்கு இத்துறையில் கிடைக்கும் முதல் சான்று இது எனலாம்.

மிகோனோஸ் தீவு நுழைவதற்கு டீலோஸ் காரணமாகக் காட்டப்படும். அப்போலோ பிறந்ததாகச் சொல்லப்படும் டீலோஸுக்குப் படகு பெரும்பாலும் மிகோனோஸிலிருந்தே புறப்படுகிறது. ஆகவே மிகோனோஸில் தங்குவது சமயக் கடமை என்பது வாதம். டீலோஸிலேயே தங்கிவிடலாமே என்று எவரும் மறுக்க முடியாது. கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் அத்தீவைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லி, அங்கிருந்த கல்லறைகளை அகற்றி, இனி அங்கு யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று விதித்தனர். நிறைமாதப் பெண்களும் சாகக் கிடப்பவர்களும் பக்கத்து ரினியா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இன்றைய சட்டம் சற்று இளகியது: பயணிகள் இரவு தங்கக் கூடாது, அவ்வளவே.

திட்டத்தின் முதல் வாசகர் ஆசிரியரின் குடும்பத்தார் அல்லர், விசா அதிகாரி. 2000 முதல் கிரேக்கம் ஷெங்கன் வட்டத்துள் இருப்பதால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் குறுகிய கால விசா பெற்றாக வேண்டும். 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. புறப்படுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பாக விண்ணப்பிக்க முடியாது. பதினைந்து நாளுக்குள் விண்ணப்பித்தால் ஏற்கமாட்டார்கள். இவ்வதிகாரிக்கென எழுதப்படும் படியே கிடைப்பவற்றுள் செம்மையானது. நாள்தோறும் ஊர், ஊர்தோறும் விடுதி, விடுதிதோறும் முன்பதிவு என்று ஐயத்துக்கு இடமின்றி அமைந்திருக்கும். வீட்டில் வழங்கும் படியில் ஐந்தாம் நாளுக்கு எதிரே கேள்விக்குறி மட்டுமே இருப்பதும் உண்டு.

இத்துறையின் முன்னோடி கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பௌசானியாஸ். ஊர் ஊராகச் சென்று, கோயில், சிலை, கல்லறை, உள்ளூர்க் கதை அனைத்தையும் பத்துப் புத்தகங்களில் எழுதி வைத்தவர். கிரேக்கச் செய்திகள் யாவற்றையும் சொல்வதே தம் கருத்து என்று அறிவித்துவிட்டுத் தீவுகளில் பெரும்பாலானவற்றையும், தெசலியையும், மாசிடோனியாவையும் விட்டுவிட்டார். பார்த்தெனானுக்குள் நுழைந்து அதீனாவின் சிலையை விரிவாகச் சொன்னவர், இன்று உலகமே பேசும் அதன் சுற்றுச் சிற்பப் பட்டியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அண்ணாந்து பார்க்கவில்லையா, பார்த்தும் பொருட்படுத்தவில்லையா என்பது அறிஞர்களை வாட்டும் வினா. முதற்பயணியைப் பொறுத்தவரை இது விடுபாட்டுக்குக் கிடைத்த ஆன்றோர் ஆட்சி. ஆனாலும் அவரை எளிதில் ஒதுக்க முடியாது. மைசீனியின் மன்னர் கல்லறைகள் மதிலுக்கு உள்ளே இருப்பதாக அவர் எழுதியதை நம்பித்தான் 1876-இல் ஷ்லீமான் கோட்டைக்குள்ளேயே தோண்டினார். தங்க முகமூடிகள் கிடைத்தன. அகமெம்னானின் முகம் என்று புகழ்பெற்ற முகமூடி, அகமெம்னான் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு முந்நூறு ஆண்டுகளாவது மூத்தது என்பது வேறு செய்தி. ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அது இன்னும் பழைய பெயராலேயே அழைக்கப்படுகிறது.

எதை விடலாம் என்பதில் பௌசானியாஸுக்கும் முந்திய வழிகாட்டல் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸிடம் உண்டு. ஸ்பார்ட்டா பாழடைந்து கோயில்களும் அடித்தளங்களும் மட்டும் எஞ்சினால், இவ்வூருக்கா அத்தனை வலிமை இருந்தது என்று பிற்காலத்தார் ஐயுறுவர். ஏதென்ஸுக்கு அதே கதி வந்தால் அதன் வலிமையை இருமடங்காக மதிப்பிடுவர் என்று அவர் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே கணித்தார். இன்றைய திட்டங்களில் ஏதென்ஸுக்கு மூன்று நாளும் ஸ்பார்ட்டாவுக்கு அரை நாளும் ஒதுக்கப்படுகின்றன. அந்த அரை நாளும் இரண்டாம் பதிப்பில் அடிபடும். ஸ்பார்ட்டாவிடம் போரில் தோற்ற ஏதென்ஸ்காரர்கள் கல்லில் வென்றதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

அடுத்தது பருவம். பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு, விமானக் கட்டணம் ஆகிய மூன்றும் சேர்ந்து கோடையைக் கைகாட்டும். கிரேக்கக் கோடையோ கல்லைக் காய்ச்சும். கடும் வெப்பத்தால் 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் அக்ரோபொலிஸ் நடுப்பகலில் மூடப்பட்டது. ஈஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்னும் வடகாற்று வீசும்; வலுத்தால் படகுகள் நிற்கும், டீலோஸ் போகும். ஜனவரி 1, மார்ச் 25, மே 1, கிரேக்க உயிர்த்தெழுதல் ஞாயிறு, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் எல்லா இடங்களும் மூடியிருக்கும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் செல்வதே சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த மாதங்களில் விடுப்பு கிடைப்பதில்லை என்பதிலும் இல்லை. எதிர்த்திசைப் பயணத்தை நோக்கினால் யவனர் இதில் கெட்டிக்காரர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடல் வழிகாட்டி, முசிறிக்குச் செல்லும் கப்பல்கள் எகிப்திலிருந்து ஜூலையில் புறப்பட வேண்டும் என்று கறாராகச் சொல்கிறது. பருவக்காற்றும் மிளகும்தான் அவர்கள் கணக்கு. சூரியன் மறைவதைப் பார்க்க யாரும் முசிறியில் இரண்டு இரவு கூடுதலாகக் கேட்கவில்லை.

திறப்பு நேரச் சிக்கல் புதிதன்று. டெல்ஃபியில் அப்போலோவின் வாக்கைச் சொல்லும் பித்தியா, மாதத்தில் ஏழாம் நாள் மட்டுமே கேள்வி கேட்க இடம் தருவாள். கடவுள் ஊரில் இல்லாத மூன்று குளிர்கால மாதங்களில் அதுவும் கிடையாது. ஆண்டுக்கு ஒன்பது நாட்கள்! வரிசை நீண்டது, எனவே வரிசையைத் தாண்டும் உரிமையும் பிறந்தது. ப்ரொமான்தேயா எனப்பட்ட அவ்வுரிமையை டெல்ஃபிக்காரர்கள் வேண்டியவர்களுக்கு வழங்கினர். கோயிலின் முன் கியோஸ் தீவினர் கட்டிய பலிபீடத்தில், தங்களுக்கு அது கிடைத்த செய்தியைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள்; இன்றும் காணலாம். லிடியா மன்னன் குரோசஸ் பொன்னும் வெள்ளியும் கொட்டி அதையே பெற்றான் என்கிறார் ஹெரோடோட்டஸ். அவன் கேட்ட கேள்விக்கு, போருக்குப் போனால் ஒரு பேரரசு அழியும் என்ற பதில் வந்தது. அழிந்தது அவனுடையது. கூடுதல் கட்டணம் செலுத்தி முன்னே நுழைவதால் காட்சி தெளிவாகும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்க.

அக்ரோபொலிஸில் இன்று பொது நேரத்தில் எல்லார்க்கும் ஒரே நீதி. 2023 முதல் நாளொன்றுக்கு 20,000 பேர் என வரம்பிட்டு, மணிவாரியாக நுழைவு பிரித்துள்ளனர். 2025 ஏப்ரல் முதல் சீட்டு 30 யூரோ. கூர்குதிச் செருப்புக்கு அனுமதியில்லை. பலர் மிதித்து வழுவழுப்பான பளிங்கு, மழை இல்லாமலேயே வழுக்கும். கி.மு. 447-இல் தொடங்கிய பார்த்தெனானின் கட்டுமானம் பதினைந்து ஆண்டுகளில் சிற்பம் உட்பட முடிந்தது. 1975-இல் குழு அமைத்துத் தொடங்கிய சீரமைப்பு அதைவிட மும்மடங்கு காலத்தை விழுங்கியிருக்கிறது. சாரம் இல்லாத படம் எடுக்க விரும்புவோர் இதைக் கருத்தில் கொள்க. 1687-இல் உள்ளே சேமித்திருந்த வெடிமருந்தின் மேல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. எஞ்சிய சிற்பங்களில் ஏறத்தாழப் பாதியை எல்ஜின் பிரபு பெயர்த்துச் சென்று, 1816-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர விட்டார். ஆகவே பார்த்தெனானை முழுமையாகக் காணும் திட்டத்தில் லண்டன் ஒரு பிற்சேர்க்கை. ஈஜினா கோயில் சிற்பங்களுக்கு மூனிக், சாமோத்ரேஸின் வெற்றித் தெய்வத்துக்குப் பாரிஸ் எனப் பிற்சேர்க்கை நூலைவிடப் பெருத்துவிடும் அபாயமும் உண்டு.

நோசோஸ் குறித்து இரு பள்ளிகள் உள்ளன. 1900-இல் தோண்டத் தொடங்கிய ஆர்தர் எவான்ஸ், தூண்களையும் மாடங்களையும் கான்கிரீட்டால் எழுப்பிச் சிவப்பு வண்ணம் பூசினார். இது மோசடி என்பது தூயவாதிகள் கூற்று. வெயிலில் குழந்தைகளுடன் இடுப்பளவுச் சுவர்களை எட்டு நாள் பார்த்து ஓய்ந்த பெற்றோர், கூரையுள்ள ஒரு தொல்லிடம் கிடைத்ததே என்று எவான்ஸை வாழ்த்துவர். எபிடாரஸ் அரங்கில் இத்தகைய பிளவு இல்லை; அங்கே வழிகாட்டி நடுவட்டத்தில் நாணயத்தைப் போட, 55 படிவரிசைகளுக்கு மேல் இருப்பவர் கேட்டதாகத் தலையாட்டுவதே மரபு. ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஒலியை அளந்து, நாணயம் விழுவது கேட்டாலும் கடைசி வரிசையில் அது நாணயம் என்று தெரியாது என்றனர். தலையாட்டல் நிற்கவில்லை.

திட்டம் தள்ளிப்போவது குறையன்று. ஏதென்ஸில் ஒலிம்பிய ஜீயஸின் கோயிலை கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கினர்; ரோமப் பேரரசர் ஹேட்ரியன் முடித்து வைத்தது கி.பி. 131 வாக்கில். திட்டமே இன்றிப் போவதற்கும் பெரியோர் சான்று உண்டு. 1904-இல் சிக்மண்ட் ஃபிராய்டும் அவர் தம்பியும் கோர்ஃபு தீவுக்குப் போக எண்ணி ட்ரியெஸ்ட் வந்தனர். அங்கே தெரிந்தவர் ஒருவர், கோர்ஃபு வெயில் ஆகாது, ஏதென்ஸுக்குப் போங்கள் என்றார். இருவரும் முகம் வாடி, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நகரைச் சுற்றிவிட்டு, கப்பல் அலுவலகம் திறந்ததும் ஒருவரையொருவர் கேளாமலேயே ஏதென்ஸுக்குச் சீட்டு வாங்கினர். அக்ரோபொலிஸில் நின்றபோது, பள்ளியில் படித்ததெல்லாம் மெய்யாகவே இருக்கிறதே என்று ஃபிராய்டுக்கு வியப்புத் தோன்றியது. அந்த வியப்பு ஏன் வந்தது என்று அவர் எழுதியது 1936-இல். தந்தையைவிடத் தொலைவு வந்துவிட்ட குற்ற உணர்வே காரணம் என்றார். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து எழுதப்பட்ட பயணக் குறிப்பு இது. திட்டம் போட்டுச் செல்வோர் பலர் இதைக்கூட எழுதுவதில்லை.

இறுதியாக விடுபட்டவை. அச்சுக்குப் போகும் படியில் வெர்ஜினா இராது. மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் கல்லறை என 1977-இல் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ் அறிவித்த இடம் வடக்கே வெகு தொலைவு. டொடோனாவும் மெசீனியும் பெயரளவில் வந்து போகும். எல்லாவற்றுக்கும் முன்னதாக அடிபடுவது ஆர்க்கேடிய மலையில் உள்ள பாஸே. பார்த்தெனானை அமைத்த இக்டினோஸே அங்குள்ள அப்போலோ கோயிலையும் கட்டினார் என்கிறார் பௌசானியாஸ். அதன் சிற்பப் பட்டியும் லண்டனில்தான். கோயில் மழைக்கும் காற்றுக்கும் அஞ்சி 1987 முதல் ஒரு பெருங்கூடாரத்துக்குள் நிற்கிறது. வளைந்த மலைச்சாலையில் ஏறிச் செல்பவர் முதலில் காண்பது அந்தக் கூடாரத்தையே. யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் கிரேக்க நாட்டிலிருந்து முதன்முதலாக, 1986-இல், சேர்க்கப்பட்ட இடம் இதுவே.