மூன்று துறைக்கும் ஒரே கோப்பு: ஆய்வேடு தயாரிக்க ஓர் எளிய வழிகாட்டி

பல்கலைக்கழக வாசலில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே, பத்துக்குப் பத்து அறையில் ப்ராஜெக்ட் சென்டர் வைத்து இருபது வருடம் ஓட்டியவன் நான். எம்.பி.ஏ., எம்.காம்., எம்.பி.எட். என்று என் வாசலில் செருப்பு விடாத பட்டமே இல்லை. இப்போது கடையை மூடப் போகிறேன். தொழில் ரகசியத்தைக் கூடவே கொண்டுபோய் என்ன செய்ய? மார்ச் மாதம் பிறந்த பிறகே ஆராய்ச்சி ஞாபகம் வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

1. தலைப்பைப் பிடியுங்கள்

நல்ல தலைப்புக்கு மூன்று உறுப்பு: ஒரு சரக்கு, ஓர் ஊர், கடைசியில் "ஓர் ஆய்வு". ஷாம்பூ வாங்குவதில் நுகர்வோர் விருப்பம், கடலூர் நகரம், ஓர் ஆய்வு. போன வருடம்தான் விழுப்புரத்துக்கு இதையே செய்தார்களே என்று தயங்க வேண்டாம். ஊர் மாறினால் ஆய்வு புதிது.

திருப்பூர் பின்னலாடைக்காரர்களின் தொழில் இடர்கள், பன்னிரண்டு வாரப் பயிற்சியால் பள்ளிக் கபடி வீரர்களின் உடற்தகுதியில் வரும் மாற்றம், இவை இரண்டும்கூட என் கடையில் நன்றாகப் போன சரக்குகள். வெளியாட்களுக்கு இவை மூன்று துறை. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளுக்கு மூன்றும் ஒன்றே. குறுக்கே ஒரு வரிக்கு ஓர் ஆள், நெடுக்கே எண்கள். தலைப்புப் பெயரை மாற்றினால் ஷாம்பூ கபடியாகிவிடும்.

2. முன்னோரை வணங்குங்கள்

இரண்டாம் அத்தியாயம் முழுக்க முன்னோர் ஆய்வுகள். நுகர்வோர் விருப்பம் என்றால் ஜாம் ஆய்வு கட்டாயம். கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது, நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை மட்டும் வைத்தபோது 30 சதவீதம். ஐயங்கார், லெப்பர் இருவரும் 2000-இல் வெளியிட்டது. இதே மாதிரி 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று 2010-இல் வேறொரு குழு எழுதியது. முதலாவதைச் சேருங்கள். இரண்டாவதைச் சேர்த்தால் அத்தியாயம் ஆட்டம் காணும்.

3. ஐந்து கட்டம் போடுங்கள்

ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் 1932-இல் நமக்குச் செய்த உபகாரம் இது. முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி, முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டம். மனுஷ மனசை இதற்குள் அடைக்கலாம். நடுவில் இருக்கும் 3 மிக முக்கியம். அவசரத்தில் இருப்பவர், கேள்வி புரியாதவர், உங்கள்மேல் இரக்கப்பட்டவர் எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள்.

ஒரு மளிகைக் கடை வாசலில் நானே கேட்டுப் பார்த்தேன். "ஷாம்பூவைத் தேர்ந்தெடுப்பதில் பிராண்டின் மீதான நம்பிக்கை முக்கியப் பங்கு வகிக்கிறது. உடன்படுகிறீர்களா அம்மா?" பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: "நான் எங்கப்பா தேர்ந்தெடுத்தேன்? சில்லறை இல்லன்னு கடைக்காரரு ரெண்டு பாக்கெட்ட கையில திணிச்சாரு."

இதற்குக் கட்டம் இல்லை. இப்படிப்பட்ட பதிலுக்கு 99 என்று போட வேண்டும். தரவு இல்லை என்பதற்கு எங்கள் கடைக் குறியீடு அது. 99 என்றால் விடுபட்ட பதில் என்று மென்பொருளில் முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அது அந்தப் பதிலைக் கணக்கில் சேர்க்காது. (அதே கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர், பாட்டில் வாங்க முடியாதவரும் வாங்கட்டும் என்று ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்தார். ஐந்து கட்டம் போட்டிருந்தால் அவருக்கும் 3 கிடைத்திருக்கும்.)

4. மாதிரிக்கு 384 பேரைத் தேற்றுங்கள்

ஏன் 384? கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970-இல் போட்ட அட்டவணையில் பத்து லட்சம் பேருக்கு அந்த எண் இருக்கிறது. குலுக்கிப்போட்டு ஆள் எடுத்தால்தான் அந்த எண் செல்லும் என்று ஒரு நிபந்தனை உண்டு. அட்டவணைக்கு மட்டும் ஜெராக்ஸ் எடுங்கள், நிபந்தனைக்கு வேண்டாம். விடுதி நண்பர்கள் நூற்றைம்பது, சித்தப்பா அலுவலகம் நாற்பது, மிச்சம் இரவு ஒரு மணிக்கு மேல் நீங்களே. இதற்கு "வசதி மாதிரி" என்று மரியாதையான பெயரே இருக்கிறது.

சொந்தக் கையால் நிரப்பும்போது ஒரு நுணுக்கம். கண்டபடி வட்டம் போட்டால் கிரான்பாக் ஆல்பா விழுந்துவிடும். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் அளவு அது, 0.7 தாண்ட வேண்டும் என்பார்கள். ஒரு தாள் முழுக்க 4, அடுத்த தாள் முழுக்க 2 என்று போடுங்கள். 0.95-க்கு எகிறும். உண்மையான மனிதர்கள் நிரப்பினால் பெரும்பாலும் அவ்வளவு வராது.

5. இடரை அளங்கள்

நாணய மாற்று இடர், நூல் விலை இடர், போட்டி இடர். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. திருப்பூரிலிருந்து திரும்பிய தாள்களில் ஒன்றில் வட்டமே இல்லை. ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது: "2011 ஜனவரியில சாயப்பட்டறைகள மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு வந்துச்சு. அது இதுல எத்தனாவது நம்பர்?"

நொய்யல் ஆற்றில் பல வருடமாகச் சாயம் ஓடியது ஊருக்கே தெரியும், கேள்வித்தாளுக்குத்தான் தெரியவில்லை. இதற்கும் 99. கூச்சப்பட வேண்டாம், பெரிய இடத்திலும் இதே கதைதான். 2007 ஆகஸ்டில் சந்தை ஆடியபோது, 25 திட்டவிலக்க அளவு அசைவுகள் அடுத்தடுத்த நாள்களில் வந்ததாக கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் நிதித் தலைவரே சொன்னார். கணக்குப்படி பிரபஞ்சத்தின் ஆயுளில் ஒரு தடவைகூட வரக் கூடாதது அது. சந்தையின்மேல்தான் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. பிள்ளைகளை ஓடவிடுங்கள்

முதல் சோதனையை ஜூன் மாத வெயிலில், பதினோரு மணிக்கு வையுங்கள். கடைசிச் சோதனையை செப்டம்பரில், காலை ஆறரைக்கு. பயிற்சி பலன் தந்தே தீரும். தராவிட்டாலும் பதினான்கு வயதுப் பையன் மூன்று மாதத்தில் தானே வளர்ந்திருப்பான். மூச்சு வாங்குகிறவர்கள் இரண்டாவது வாரமே நின்றுவிடுவார்கள். மிஞ்சியவர்களின் சராசரி உங்களைக் கேட்காமலே ஏறும்.

ஸ்டாப்வாட்ச் கட்டைவிரலைப் பொறுத்தது. நூறு மீட்டரில் கை நேரத்துக்கும் மின்னணு நேரத்துக்கும் 0.24 விநாடி வித்தியாசம் வைத்துக் கணக்கிடுவது தடகளத்தில் வழக்கம். என்னிடம் வந்த ஆய்வேடு ஒன்றில் பயிற்சியால் வந்த முன்னேற்றம் 0.21 விநாடி. விரல் முன்னேறியதா கால் முன்னேறியதா என்று நான் கேட்கவில்லை. காசு வாங்கியாகிவிட்டது.

அந்தக் குழுவில் முதல் சோதனையில் எல்லோரையும் முந்தியவன் ஒரு பதினேழு வயதுப் பையன். கடைசிச் சோதனையில் அவன் கட்டம் காலி. ஏன் என்று கேட்டதற்கு, "பனியன் கம்பெனிக்குப் போயிட்டான் சார்" என்றார் பி.டி. மாஸ்டர். 99.

7. நட்சத்திரம் தேடுங்கள்

தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பு 0.05-க்குக் கீழே என்றால் மென்பொருள் நட்சத்திரம் போடும். இருபதில் ஒன்று, அதாவது அந்த 0.05, வசதியான எல்லை என்று 1925-இல் ரொனால்ட் ஃபிஷர் எழுதினார். வசதி என்ற சொல் அவருடையது, மதம் ஆக்கியது நாம். வயது, பாலினம், கல்வி, வருமானம், குடும்ப வகை என்று ஐந்தையும் பன்னிரண்டு கேள்விகளோடு மோதவிட்டால் 60 சோதனை. ஊரில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், வெறும் அதிர்ஷ்டத்தில் மூன்று நட்சத்திரம் சராசரியாக விழும். என் கடையில் அப்படி விழுந்த முத்து: கூட்டுக் குடும்பத்துக்கும் ஷாம்பூ நுரைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு உண்டு. மீதி 57-ஐப் பின்னிணைப்பில்கூடப் போடாதீர்கள். இந்த 0.05 எல்லையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் அறிக்கை விட்டது. எங்கள் தெருவுக்குத் தபால் தாமதம்.

8. பைண்டிங், வைவா

கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் யு.ஜி.சி. விதிப்படி தண்டனை இல்லை. வைவா அன்று முந்திரி பிஸ்கட்டும் ஏலக்காய் டீயும் தயாராக இருக்கட்டும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மாதிரி எத்தனை என்பார், 384 என்று சொல்லுங்கள். ஆல்பா எவ்வளவு என்பார், 0.95 என்று சொல்லுங்கள். தலையாட்டுவார்.

கேட்டால் பதில் இல்லாத கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்த 99 எல்லாம் யாருங்க?"

பயப்படாதீர்கள். இருபது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.