ராடு பார்க்கும் படலம்

போடி ஏலக்காய் வியாபாரிகளில் ஒரு தினுசு உண்டு. ஏல மையத்தில் உட்கார்ந்தால் ஆள் மின்னல். சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டுவார், கட்டை விரலால் நாலு காயை உருட்டுவார், ஒன்றைக் கடிப்பார். எட்டு மில்லி தேறுமா, லிட்டர் வெயிட் 400 கிராம் நிற்குமா, சாயம் ஏற்றிய காயா, எல்லாம் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் விலையைத் தட்டிவிட்டு அடுத்த பொட்டலத்துக்குப் போய்விடுவார். லட்சக்கணக்கில் சரக்கெடுக்க அரை நிமிஷம். அதே மனுஷன் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு தூண்டில் ராடு வாங்க ஒன்றரை வருஷமாக யோசிக்கிறார்.

அதுவும் சாதாரண ராடு இல்லை. பாஸ் மீனுக்கான ‘ஃபினெஸ்’ ராடு. பாஸ், அமெரிக்க மீன். 1925-ல் ஜப்பானின் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். நாளடைவில் நாடெங்கும் பரவி உள்ளூர் மீன்களுக்கு எமனாகிவிட, 2005-ல் நடப்புக்கு வந்த சட்டம் அதை அன்னிய ஆக்கிரமிப்பாளர் பட்டியலில் சேர்த்தது. நம் கொட்டகுடி ஆற்றுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

“அண்ணே, நம்ம ஊர்ல அந்த மீனே இல்லையே?”

“மீனு கெடக்கட்டும் மாப்ள, மொதல்ல ராடு அமையணும்ல?”

விவரம் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்வது அத்தனையும் சரி. சந்தேகப் பிராணியான மீனை நயமாகப் பேசி ஏமாற்றுவதுதான் ஃபினெஸ். மூன்றிலிருந்து ஏழு கிராம் எடை, மெல்லிய நரம்பு, சுண்டு விரல் நீள ரப்பர் புழு. ‘டிராப் ஷாட்’ முறையில் ஈயக்குண்டு தரையில் கிடக்கும். ஒன்றிரண்டு சாண் மேலே முள்ளில் புழு. ராடு நுனியை லேசாக நடுக்கினால் புழு நின்ற இடத்திலேயே துடிக்கும். மீன் வெடுக்கென்று இழுக்காது, உறிஞ்சிப் பார்க்கும். கைக்கு வருவது ஒரு சின்ன ‘டொக்’. ராடு விறைப்பாக இருந்தால் அந்த எடையை வீசவே முடியாது. தொளதொளவென்றிருந்தால் முள் ஏறாது. ஆகவே ஆறரையிலிருந்து ஏழடி, பலம் மீடியம் லைட், வளைவு ஃபாஸ்ட். அதாவது நுனிப்பக்கம் வளையலாம், இடுப்பு அசையக் கூடாது.

கடைக்காரர் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் ஒரு கம்பெனியின் மீடியம் லைட் இன்னொரு கம்பெனிக்கு மீடியம் என்பது நம்மவருக்குத் தெரியும். (உண்மைதான், இதற்கு அக்மார்க் கிடையாது.) தெரிந்ததுதான் வினை.

இரவல் ராடுகள் குடோனில் மூட்டைகள் மேல் சாய்ந்திருக்கும். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, ராடு நுனியைத் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டு அன்றைய ரேட்டை வாசிக்கச் சொல்வார். இவர் கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வார்.

“கொஞ்சம் அடித்தொண்டைல சொல்லுய்யா.”

“சராசரி வெலை மொதலாளி...”

“ம்... புத்தடி ஏலத்தையும் சொல்லு.”

கார்பன் ராடு என்றால் பேச்சு கைக்கு வரும். ஃபைபர் கிளாஸ் மந்தம். காயைத் தடவியே ஈரப்பதம் சொல்கிற விரலுக்கு இந்தப் பரீட்சை எதற்கு? காயில் விரலை நம்புகிறவர், ராடில் மட்டும் கணக்குப்பிள்ளையின் தொண்டையைத்தான் நம்புவார்.

ஒரே துண்டா, இரண்டு துண்டா என்பதிலேயே ஒரு மழைக்காலம் போயிற்று. ஒரே துண்டுதான் ‘டொக்’கைச் சேதாரமில்லாமல் கடத்தும் என்பது அவர் கட்சி. ஆனையிறங்கல் அணைக்கரையில் நிற்பதாக ஒரு கனவு வேறு. ஒத்திகை பார்க்க ஏழடி பிளாஸ்டிக் பைப் ஒன்றை எடுத்துக்கொண்டு, விடிகாலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பில் தொற்றிக்கொண்டார்.

“என்ன மொதலாளி, தோட்டத்துக்குத் தண்ணிக் கொழாயா?”

போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பைப் ஒரு கொண்டையை விசாரித்துவிட்டுத்தான் திரும்பியது. சோதனைச் சாவடியில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. வெறும் பைப்பை ஒருவர் ஏன் மடியில் வைத்துக் காக்கிறார் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய சந்தேகமாகப் போயிற்று. மறுநாளே இரண்டு துண்டுக் கட்சிக்குத் தாவிவிட்டார்.

கடைசியில் ராடு வந்தது. மீனாட்சியம்மன் கண்மாயில் குத்தகைக்காரரைக் கேட்டுக்கொண்டு இறங்கினார். அங்கே ராஜா விரால். விராலுக்கு வேண்டியது கனத்த ராடு, முரட்டு நரம்பு, ரப்பர் தவளை. கவ்வினால் செடி கொடியோடு பிடுங்கி எடுக்க வேண்டும். நம்மவர் ஆகாயத்தாமரை இடுக்கில் மூன்று கிராம் புழுவை இறக்கினார். ‘டொக்’கெல்லாம் இல்லை, ஒரே வெட்டு. நுனி வில்லாக வளைந்தது, ரீல் அலறியது, விரால் தாமரை வேருக்குள் புகுந்து நரம்பை அறுத்துக்கொண்டு போனது. கரையில் நின்றவர்கள் ‘ச்ச்’ கொட்டினார்கள்.

அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு.

“பாத்தியா மாப்ள, மேல ஒரு பங்குதான் வளைஞ்சுச்சு. இடுப்பு அசையலை. சுத்தமான ஃபாஸ்ட்டு!”

குத்தகைக்காரர் வந்தார். “ரெண்டு கிலோ தேறும்ணே. காசு?”

“மீனுக்கா? அது ஒங் கண்மாய்லதானய்யா கெடக்கு!”