சந்தனத் தட்டு ஏந்தும் ஸ்காலர்கள்

எங்கள் கணிதச் சங்கத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இடமில்லை என்று எவரும் நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட முடியாது. மாநாட்டு வாசலில் சந்தனம், கற்கண்டு, ரோஜாப்பூத் தட்டோடு நிற்பவர்கள் அவர்கள்தான். பதிவு மேசையில் உட்கார்ந்து பை, பேனா, குறிப்பேடு, சாப்பாட்டு டோக்கன் என்று எண்ணிக் கொடுப்பவர்களும் அவர்கள்தான். விடியற்காலை ரயிலடிக்குப் போய்ச் சிறப்பு விருந்தினரைக் கூட்டி வருவது, புரொஜெக்டர் மக்கர் செய்தால் ஓடுவது, பொன்னாடையின் மடிப்பைப் பிரித்து உரிய நேரத்தில் உரியவர் கையில் கொடுப்பது, இரவு பேனரை அவிழ்த்துச் சுருட்டி வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கணிதம் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் அவர்களை ஈடுபடுத்திவிட்டோம். இந்தச் சாதனையில் பெரும்பங்கு என்னுடையது. பல வருடமாகச் சங்கத்தின் செயலாளர் நான்தான்.

மேடை ஏறிவிட்டால் நான் வேறு ஆள். 2012இல் டிசம்பர் 22 தேசிய கணித நாள் ஆனதிலிருந்து வருடத்துக்கு ஓர் உரை எனக்கு நிச்சயம். உரை என்னவோ ஒன்றுதான். ராமானுஜனின் 125ஆம் பிறந்த ஆண்டுக்காக எழுதியது. அந்த 125ஐ மாற்ற மறந்துபோனதால், எங்கள் மேடையில் மட்டும் சில காலம் அவருக்கு வயதே ஏறவில்லை. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் ஸ்காலர்கள் வருடா வருடம் எண்ணிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

உரையில் நான் உருகும் இடம் ஒன்று உண்டு. 1910இல் கையில் நோட்டுப்புத்தகத்தோடு ஓர் இளைஞர் திருக்கோவிலூருக்குப் போகிறார். கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டுக் கல்லூரியில் தேறாதவர். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்ற நிலைமை. அங்கே டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதவியல் கழகத்தைத் தொடங்கி வைத்தவர் அவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார், வேலை கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட தலையை ரெவின்யூ கணக்கில் கொண்டுபோய்ப் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். ஒருவர் இன்னொருவரிடம் அனுப்ப, விஷயம் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் வரை போயிற்று. அவர் மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பையிலிருந்து கொடுத்தார்.

ராமச்சந்திர ராவ் அந்தக் கழகத்தின் செயலாளர். இதைச் சொல்லும்போது மட்டும் என் கை தானாகவே சட்டைக் காலருக்குப் போகும்.

1911இல் கழகத்தின் இதழ் ராமானுஜனின் கேள்விகளை அச்சிட்டது. வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் ஒரு கோவை, அதன் மதிப்பென்ன? மாதக்கணக்கில் காத்திருந்தும் விடை அனுப்ப ஆளில்லை. விடை வெறும் 3. அதே ஆண்டு அவருடைய முதல் கட்டுரையும் வந்தது. இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் பெங்களூரில் பேராசிரியர். ராமானுஜன் எழுதுகிற முறையோ பத்துப் படி தாண்டிக் குதிக்கிற முறை. படிப்பவருக்குப் புரியும்படி ஆகும் வரை கையெழுத்துப் பிரதி போவதும் வருவதுமாக இருந்தது. ஆசிரியர் சளைக்கவில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதுவரை துறைமுகத்தில் குமாஸ்தாவாக அவர் வாங்கிய சம்பளம் 30. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கைதட்டல் அடங்கியதும் மேடையை விட்டு இறங்குவேன். இறங்கிய பிறகு நடந்தவை உரையில் வராது.

எங்கள் அறிக்கையிதழுக்கு நானே ஆசிரியர். ஒரு மாணவி கட்டுரை அனுப்பினாள். வேர்டில் இருந்தது, லேடெக்கில் மாற்றச் சொன்னேன். மாற்றினாள். மார்ஜின் சரியில்லை என்றேன். சரிசெய்தாள். மேற்கோள் பட்டியல் எங்கள் பாணியில் இல்லை என்றேன். எங்கள் பாணி என்னவென்று கேட்டாள். தேடினேன், அப்படி ஒன்று எழுத்தில் இருக்கவில்லை. உட்கார்ந்து ஒன்றை எழுதி அனுப்பினேன். அதன்படியும் மாற்றி அனுப்பினாள். அந்த மெயில் வந்த வாரம் வீட்டில் ஒரு கல்யாணம், அப்படியே அடியில் போய்விட்டது. பிறகு கட்டுரை வேறொரு நல்ல இதழில் வந்தது. பிரதி ஒன்றை எனக்கு அனுப்பி, வடிவமைப்பு குறித்த ஆலோசனைகளுக்கு நன்றி என்று எழுதியிருந்தாள். கிண்டலா, நிஜமான நன்றியா என்று இன்றுவரை எனக்குத் தெளியவில்லை. தேற்றத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. உண்மையில் அதை நான் படிக்கவே இல்லை.

செயற்குழுவில் மாணவர் பிரதிநிதி ஒருவர் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்ததும் நான்தான். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கள் குழுவில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறுபவை இரங்கல் தீர்மானங்கள் மட்டுமே. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் தேர்வானான். கூட்டம் சென்னையில். இரவு பஸ் பிடித்து, எங்கேயோ முகம் கழுவிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டான். வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தான். தம்பி, மினிட்ஸ் எழுதிக்கிறியா என்றார் ஒருவர். எழுதினான். டீ வந்துச்சான்னு பாருப்பா என்றார் இன்னொருவர். பார்த்தான். ஏ.சி. ரிமோட்டுக்குப் பேட்டரி வேண்டியிருந்தது, அதற்கும் அவனே போனான். அவன் சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அவ்வப்போது எடுப்பான், மடிப்பைப் பிரிக்காமலே திரும்ப வைப்பான். மாணவர்கள் சொல்லி அனுப்பிய கோரிக்கைகள். 'தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்' என்ற கடைசி அயிட்டத்தில் பேசலாம் என்று நான்தான் அவனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அந்த அயிட்டம் வரும்போது தலைவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

இனி பயணப்படி. சங்க விதிப்படி அசல் டிக்கெட் இணைக்க வேண்டும். அரசு பஸ்ஸில் கண்டக்டர் மெஷினிலிருந்து கிழித்துக் கொடுக்கும் சீட்டு என்ன ஜாதி என்று பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். வெயில் பட்டால் எழுத்து ஓடிவிடும். அவன் கொடுத்தது ஒழுங்கான சீட்டுதான். அதை வவுச்சரோடு பின் அடித்து, கையெழுத்துக்காக மேசையில் வைத்திருந்தேன். ஜன்னலோர மேசை. அது பொருளாளர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பருவம் மாறிவிட்டது. அவர் போன் செய்தார்: "என்ன சார், வெறும் வெள்ளைப் பேப்பரைப் பின் பண்ணி அனுப்பியிருக்கீங்க? ஆடிட்டர் என்னைக் கேப்பாரே." பையனைக் கூப்பிட்டு, ஒரு டிக்ளரேஷன் எழுதிக் கொடுத்துவிடு என்றேன். அந்த முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இருக்கட்டும் சார், பரவால்ல."

"அப்படியா? சரிப்பா."

அந்தச் 'சரிப்பா' என் வாயிலிருந்து எத்தனை சுருக்காக வந்தது என்பதுதான் இப்போதும் உறுத்துகிறது. ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தவனாக இருந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வரும். பஸ் காசு பெரிய விஷயமில்லை. இவனுக்கு அது இல்லை. கல்லூரி ஒன்றில் முழுநேர ஸ்காலராகச் சேர்ந்து, கட்டணத்தையும் தானே கட்டி, சாயங்காலம் டியூஷன் சென்டரில் பிளஸ் டூ கணக்கு எடுத்துச் சாப்பிடுகிறவன். எங்கள் மாநாட்டுக்கு வருகிறவர்களில் இந்த ரகம்தான் அதிகம். என் பையிலிருந்து கொடுத்திருக்கலாம். நெல்லூர் கலெக்டர் ஞாபகம் அப்போது வரவில்லை. அது டிசம்பர் மாதமும் இல்லை.

மாணவர் அமர்வுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றை வைப்பது யார் யோசனை என்று கேட்டால் நான்தான் கையைத் தூக்க வேண்டும். பெரியவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், மாணவர்கள் சான்றிதழுக்காகக் கடைசிவரை இருந்துதான் ஆக வேண்டும், அரங்கும் காலியாகத் தெரியாது. ஒரு முறை நானே தலைமை. ஒரு மாணவி கிராஃப் தியரியில் வரும் மரங்களுக்கு எண்ணிடுவது பற்றிப் பேசினாள். புள்ளிகளுக்கு 0 தொடங்கி எண்கள் கொடுத்து, கோடுகளில் வரும் வித்தியாசங்கள் ஒன்றுபோல் ஒன்று வராமல் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம். 1967இல் ரோசா என்ற கணிதவியலாளர் ஆரம்பித்து வைத்தார். எல்லா மரங்களுக்கும் இப்படி எண்ணிட முடியுமா என்பது இன்னும் தீராத கேள்வி. தமிழ்நாட்டில் இதை ஒட்டி எழுதப்படும் ஆய்வேடுகளை அடுக்கினால் நிஜ மரங்கள் பாவம் என்று தோன்றும். அன்றைக்குச் சாம்பார் சாதம் அருமையாக அமைந்திருந்தது. கைதட்டல் சத்தத்தில் கண் விழித்தேன். தலைவர் என்றால் ஏதாவது கேட்க வேண்டுமே. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் கேள்வி ஒன்று என்னிடம் எப்போதும் தயார்: "இதனுடைய பயன்பாடு என்னம்மா?"

"ரெண்டாவது ஸ்லைடுல சொன்னேன் சார்" என்று சொல்லி, பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தள்ளி அந்த ஸ்லைடைக் காட்டவும் செய்தாள். நான் மணியை அடித்து, நேரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தேன்.

சிறந்த கட்டுரைக்குப் பரிசு, நான் எழுதிய பாடநூல். வீட்டில் கட்டிலுக்கடியில் கட்டுக் கட்டாக இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு வருடம் பரிசு வாங்கிய ஒருத்தி மேடையிலேயே என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "இது திருத்திய பதிப்பா சார்?"

பரிந்துரைக் கடிதம் கேட்டு வருபவர்களிடம், நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன் என்பது என் வழக்கம். இந்த ஊரில் பாதிப் பேர் வழக்கமும் அதுதான். ஒரு பையன் வெளிநாட்டுக் கோடைப் பள்ளிக்கு விண்ணப்பித்தபோது தன்னைப் பற்றி எழுதி அனுப்பியது: நேரம் தவறாதவர், அடக்கமானவர், அனைவருடனும் ஒத்துப் போகிறவர். தன்னைத் தானே புகழ அவனுக்குக் கூச்சம். நான் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். கணிதம் தெரிந்தவர் என்று அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. இடம் கிடைக்கவில்லை. வேறென்ன கிடைக்கும்?

இத்தனைக்கும் சங்கத்தின் கஜானாவை நிரப்பியவர்கள் இந்த ஸ்காலர்கள்தான். 2016 பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்கங்களிலாவது கட்டுரை வாசித்திருக்க வேண்டும். எங்களுக்கு அடித்தது யோகம். மாணவர் சலுகைக் கட்டணம் என்று ஒன்று வைத்தோம். அந்தச் சலுகையைப் பெறத் துறைத் தலைவரிடம் போனஃபைட் சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்றோம். அதற்கு அவர்கள் அலைந்த அலைச்சலில் சலுகை கரைந்து போயிருக்கும். கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகப் பதிவு செய்தவர்கள் மாணவர் கணக்கிலேயே வரமாட்டார்கள் என்றும் முடிவெடுத்தோம். சம்பளம் வாங்குகிறார்கள் அல்லவா! சுயநிதிக் கல்லூரியில் அவர்கள் வாங்குவது எவ்வளவு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் போயிற்று. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு வைத்துக்கொண்டாலும், எங்கள் பதிவு மேசையில் கூட்டம் குறைந்தது. உடனே அவசரச் செயற்குழு. 'இளைய தலைமுறையிடம் குறைந்துவரும் ஆராய்ச்சி ஆர்வம்' என்ற பொருளில் ஒரு சிறப்புரைக்கு ஏற்பாடு செய்தோம். பேசியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன மாநாட்டின் முடிவில் கருத்துப் படிவங்களை நான் முதல் தடவையாக வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். கட்டணம், நேரம், பயணப்படி என்று பெரிய கோரிக்கைகளை எதிர்பார்த்தேன். அவையும் இருந்தன. ஆனால் பலர் வேறு வேறு கையெழுத்தில் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாமே. எங்கள் ஏற்பாட்டில் பெரியவர்களுக்குத் தனி அறை, மேசை விரிப்பு, பரிமாற ஸ்காலர்கள். மற்றவர்களுக்கு வெளியே பந்தலில் டோக்கனும் தட்டும். ஒரு பேராசிரியரிடம் தைரியமாகச் சந்தேகம் கேட்கக்கூடிய ஒரே இடம் சாப்பாட்டு மேசை, அங்கேயும் கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். கதவைத் திறந்து வைத்தவர்களும் இருந்தார்கள். மயிலாப்பூரில் ஏகாம்ர நிவாஸ் என்ற வீட்டில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் மாணவர்களுக்காகக் கருத்தரங்கு நடத்தியதும், 1960இல் நீல்ஸ் போரே வந்து அந்த மாணவர்களைப் பார்த்துப் பாராட்டியதும், அந்த வேகத்தில் 1962இல் கணித அறிவியல் நிறுவனம் எழுந்ததும் எனக்குத் தெரியாததல்ல. அதுவும் என் உரையில் இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில்.

ஆகவே இந்த வருடம் ஒரே பந்தி, ஒரே வரிசை என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டேன். நேற்று துணைவேந்தரின் பி.ஏ. கூப்பிட்டார். ஐயாவும் வரிசையில் நிற்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாராம். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். செயலாளர் நான், யாரை விசாரிப்பது என்று எனக்கே புரியவில்லை. மெஸ் கான்டிராக்டரை மட்டும் கூப்பிட்டு, எதற்கும் மாடியில் ஒரு மேசை தயாராக இருக்கட்டும், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றேன். விரிப்பு போடவா வேண்டாமா என்று கேட்டார்.

போடுங்கள் என்றேன்.