எட்டு பாரில் நின்ற பாட்டு

எலக்ட்ரானிக் இசை பழகத் தொடங்கியவர்கள் உலகம் முழுக்க ஒரே பாட்டைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எட்டு பார், அதாவது எட்டு தாளவட்டம், நீளம். கிக் என்கிற அடிமுரசுச் சத்தம் ஒன்று உண்டு, ஒரு கைதட்டல் உண்டு, எங்கோ குகைக்குள்ளிருந்து முனகும் சிந்தசைசர் ஒன்று உண்டு. ஒன்பதாவது பார் மட்டும் கிடையாது. எட்டு முடிந்ததும் மறுபடி ஒன்று. நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்தால் எட்டு பார் சரியாக 16 விநாடி. அந்த 16 விநாடிக்குள் ஒரு மனிதன் வாடகை கொடுக்காமல் வருஷக்கணக்கில் குடியிருக்கலாம். நான் குடியிருந்தேன்.

என் ஊர் அமரவிளை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில், நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கலால் சோதனைச் சாவடியை வைத்து அடையாளம் சொல்லும் ஊர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு போய்ச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அரசியலாக அதில் யாருக்கு லாபம் என்று நான் சொல்லப்போவதில்லை. காதுக்கு லாபம்தான். ஒரு பக்கம் செண்டை, இன்னொரு பக்கம் வில்லுப்பாட்டு, நடுவில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயர். இவ்வளவையும் கேட்டு வளர்ந்தவன் லேப்டாப்பைத் திறந்தால் இசை தானாகக் கொட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். கொட்டியது என்னவோ கிக் மட்டும்தான்.

இந்தத் தொழிலில் முதலில் பிடிக்கும் நோய், பொருள் சேர்ப்பது. பாட்டு நகரவில்லை என்றால் காரணம் நமக்குள் இருக்காது, கிக் சரியில்லை என்று தோன்றும். இணையத்தில் கிக் இலவசமாகக் கிடைக்கும், ஆயிரக்கணக்கில். அவற்றைத் தரவிறக்கி, கோப்புறை கோப்புறையாகப் பிரித்து, பெயர் வைத்து அடுக்குவது எனக்கு மிகவும் பிடித்த இசைப்பயிற்சி. என்னிடம் உள்ள கிக்குகளை வரிசையாக ஒரு தடவை கேட்டு முடிக்க ஒரு சிவராத்திரி போதாது. பாடம் சொல்லும் வீடியோக்கள் அடுத்த நோய். அவற்றில் வருகிற பையன்கள் எல்லாருமே “ரொம்ப ஈஸி” என்று தொடங்குவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் செய்கிற எதுவும் ஈஸியாக இருக்காது. பின்னால் ஊதா நிற விளக்கு எரியும். நானும் ஒரு ஊதா விளக்கு வாங்கினேன். கொசு கூடியது.

நான் முதலில் வைத்திருந்தது ஒரு மென்பொருளின் சோதனைப் பதிப்பு, பெயர் வேண்டாம். அதில் எல்லாம் செய்யலாம், சேமிக்கவும் செய்யலாம். சேமித்ததை மறுபடி திறக்கத்தான் காசு கட்ட வேண்டும். இப்படி ஒரு வேதாந்தத்தை வியாபாரமாக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உண்டாக்கலாம், வைத்துக்கொள்ளலாம், திரும்பிப் பார்க்க முடியாது. பிறகு எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறினேன். அது திறந்தவுடனேயே நிமிடத்துக்கு 140 அடி என்று வைத்துக்கொண்டு தயாராக நிற்கும். மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும், நமக்கு முன்னாலேயே யாரோ ஓடத் தொடங்கிவிட்ட பதற்றம் வந்துவிடுகிறது.

வீட்டில் எனக்கு இரண்டு விமர்சகர்கள். அம்மைக்கு இசைக்கோட்பாடு கிடையாது, காது உண்டு. ஒரு மத்தியானம் நான் பாஸ் வரியை மெனக்கெட்டுச் செதுக்கிக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து குரல் வந்தது: “தொட்டி இப்ப நெறஞ்சிருக்கும், மோட்டாரை நிறுத்தப்பிடாதா மக்ளே?” இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை. அந்த பாஸ் ஒரே சுரத்தில், ஒரே பலத்தில், இடைவெளி விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரும் அப்படித்தான் ஓடும்.

இரண்டாமவர் சித்தப்பா. சர்ச் கொயரில் ஆர்மோனியம் வாசிப்பவர். பின்னால் வந்து நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. இதுல கமகம் வருமாடே?”

ஆர்மோனியக்காரர் கேட்கக்கூடிய கேள்வியா இது? கமகம் வராது, சுருதிகள் சரியாகப் பேசாது என்று சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை வெளியே அனுப்பியது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. அன்று ஆர்மோனியத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டை எண்பது வருஷம் கழித்து ஓர் ஆர்மோனியக்காரர் என் லேப்டாப்பின் மேல் வைக்கிறார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. 1983-ல் வந்த மிடி என்ற ஏற்பாட்டில்தான் கீபோர்டுகளும் கம்ப்யூட்டர்களும் இன்றுவரை பேசிக்கொள்கின்றன. அதில் சுரத்தை வளைப்பதற்கு 16,384 படிகள் இருக்கின்றன. எந்தப் பாடகரும் இத்தனை படி கேட்கமாட்டார். நான் மவுஸைப் பிடித்துத் தோடியின் காந்தாரத்தை வரையத் தொடங்கினேன். நெளிவைக் கொஞ்சம் அகலமாக வரைந்தால் ஆம்புலன்ஸ் வந்தது; குறுக்கினால் கொசு வந்தது, இந்தத் தடவை ஸ்பீக்கரிலிருந்தே. சித்தப்பா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். “படி எல்லாம் நெறைய இருக்கு. ஏறத் தெரிஞ்ச ஆளு வேணுமாக்கும்” என்று சொல்லிவிட்டு சாயா குடிக்கப் போனார்.

ஏறத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். சரண்ஜித் சிங், பம்பாயில் இந்திப் படப் பாட்டுகளுக்கு வாசித்துப் பிழைத்தவர். 1982-ல் ரோலண்டு கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் என்று ஒரு இசைத்தட்டு போட்டார். அவற்றில் டிபி-303 என்பது பாஸ் கிதார்காரர் இல்லாத குறையைப் போக்கச் செய்த சிறிய பெட்டி. கிதார் மாதிரி அது ஒலிக்கவில்லை. விலைபோகாமல் சில வருஷங்களில் உற்பத்தியும் நின்றது. ஆனால் அதில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகிற வசதி ஒன்று இருந்தது. மற்றவர்கள் அதை எதற்கென்று தெரியாமல் விழித்தபோது, ராகம் தெரிந்த மனிதருக்கு அது உடனே புரிந்துவிட்டது. இசைத்தட்டை அன்று யாரும் சீந்தவில்லை. ஐந்து வருஷம் கழித்து சிகாகோவில் அதே பெட்டியைத் திருகி வேறு சிலர் ‘ஆசிட் ஹவுஸ்’ என்று ஒரு இசைவகையையே உண்டாக்கினார்கள். 2010-ல் அந்த இசைத்தட்டு மறுபடி வெளிவந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. தோற்றுப்போன பெட்டி, தோற்றுப்போன தட்டு. இரண்டையும் நினைத்தால் எனக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

அதற்கும் முன்னால், 1969-ல், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் ட்யூடர் என்ற அமெரிக்கர் வந்து மூக் சிந்தசைசரோடு ஒரு எலக்ட்ரானிக் இசைக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய் உட்பட அங்கே நம்மவர்கள் சிலர் உட்கார்ந்து வயர்களைப் பிடுங்கிச் செருகி இசை செய்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல வீடியோ இல்லை. முன்மாதிரிக்குக் கேட்க ஒரு தட்டுகூட அன்று லேசில் கிடைத்திராது. அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் ஆவண அறையில் தூங்கிவிட்டு 2023-ல்தான் இசைத்தட்டாக வந்தன. தமிழில் இந்தக் கதை 1986-ல் தொடங்குகிறது: ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசையமைத்தார். 1992-ல் ‘ரோஜா’, அதே வருஷம் எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாள ‘யோதா’. இரண்டும் ரஹ்மான். சாவடிக்கு இருபுறமும் ஒரே வருஷத்தில் ஒரே ஆள் ஒரே அடியாக அடித்ததில், எங்கள் தலைமுறைப் பையன்கள் பலபேர் படிப்பை விட்டுக் கீபோர்டு வாங்கினோம். வாங்கியவர்களில் பெரும்பாலோர் இப்போது கல்ஃபில் இருக்கிறார்கள்.

சரி, என் எட்டு பாருக்கு வருகிறேன். அதை முதன்முதலாக ஊருக்குள் ஒலிபரப்பியது ஒரு கோவில் திருவிழாவில், மைக் செட் கட்டவந்த பையன். ஆள் உயரத்துக்கு இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்க அவனுக்கு ஏதாவது ஒரு சத்தம் தேவைப்பட்டது. எனக்கு ஏதாவது ஒரு ரசிகர் தேவைப்பட்டார். லேப்டாப் ஸ்பீக்கரில் அடிக்குரல் சத்தம் சரியாகக் கேட்காது. கேட்கவில்லையே என்று ஏற்றி ஏற்றி வைத்திருந்த பாஸ் எல்லாம் அந்தப் பெட்டியில் ஒன்றாகக் கிளம்பியதில், பந்தலின் தகரம் தனியாக ஒரு தாளம் போட்டது. என் பாட்டிலேயே உருப்படியான சங்கதி அதுதான். பையன் ரொம்ப நேரம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: “பாட்டு கொள்ளாம் அண்ணா. எப்ப தொடங்கும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் அன்று ராத்திரி அதே பந்தலுக்குள் இருந்தது. எங்கள் தெற்குப் பக்கம் சிங்காரி மேளம்தான் அதிகம், ஆடிக்கொண்டே அடிப்பது. அன்று வடக்கேயிருந்து ஆட்களைக் கூட்டிவந்து பஞ்சாரி மேளம் வைத்திருந்தார்கள். பஞ்சாரிக்கு ஐந்து காலம். முதல் காலத்தில் ஒரு தாளவட்டம் 96 அட்சரம். அடுத்து 48. அப்புறம் 24, 12, கடைசியில் 6. செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல் என்று முதலில் யார் நின்றார்களோ அவர்களேதான் கடைசி வரை. புதிய சத்தம் ஒன்றுகூட உள்ளே வருவதில்லை. கையில் இருப்பதைப் பாதி பாதியாக மடக்கி மடக்கியே மணிக்கணக்கில் கொண்டுபோகிறார்கள். முதல் காலம் அவ்வளவு மெதுவாக நடக்கிறது, பக்கத்தில் நின்றவர் போய் ஒரு சாயா குடித்துவிட்டு வந்தும் வட்டம் பெரிதாக நகர்ந்திருக்கவில்லை. ஆனால் ஆறுக்கு வரும்போது அதே மனிதரின் கை தலைக்கு மேலே இருந்தது.

கிளப்புகளில் டிஜேக்கள் செய்வதும் இதேதான். பாட்டு உச்சத்துக்குப் போகும் முன் ஸ்நேரை இரட்டிப்பாக்கி, அதையும் இரட்டிப்பாக்கி, கூட்டத்தைத் துள்ள வைப்பார்கள். அவர்களுக்கு அது பதினைந்து விநாடி வேலை. செண்டை அடிக்கும் மாராருக்கு ஒரு ராத்திரி. எனக்கு உறைத்தது வேறு. என் எட்டு பாரில் எல்லாமே முதல் விநாடியிலேயே உள்ளே வந்துவிடுகின்றன. கிக், பாஸ், கைதட்டல், குகை. ஆறு அட்சரக் காலத்தில் நிற்க வேண்டியவர்களை நான் முதல் காலத்திலேயே மேடையில் ஏற்றியிருந்தேன். அதற்கு மேல் பாட்டு போக இடம் எங்கே இருக்கிறது?

நெரிசலுக்கும் ஊரிலேயே வைத்தியம் இருந்தது. களியக்காவிளை தாண்டி, கொடை நடக்கும் ஏதாவது கோவிலில் வில்லுப்பாட்டின் முன்வரிசையில் போய் உட்காருங்கள். கதைக்கு அல்ல, கலவைக்கு. அடியில் குடம். அதன் வாயில் பாளை விசிறி விழும்போது வருகிற ஊம்காரம் காதுக்கு வருவதற்கு முன் வயிற்றுக்கு வந்துவிடும். நடுவில் உடுக்கை. மேலே ஜால்ராவும் வில்லில் கட்டிய மணிகளும். எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் ஆள் கதை சொல்கிறார், ஒரு வார்த்தைகூட மூழ்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனி உயரம். ஒருவர் வீட்டில் மற்றவர் நுழைவதில்லை. ஈக்யூ என்று வீடியோப் பையன்கள் இருபது நிமிடம் விளக்குவது இதைத்தான். கதை சொல்லும் அண்ணாவி பேசும்போது குடம் அடங்குகிறது. அவர் மூச்சு வாங்கும்போது குடம் பேசுகிறது. இந்த இறக்கி ஏற்றும் வேலையை ‘சைட்செயின்’ என்ற பெயரில் ப்ளக்-இன்னாக விற்கிறார்கள். குடக்காரருக்குத் தவணை கிடையாது.

இப்போது என் வேலைமுறை மாறியிருக்கிறது. ஐந்து சத்தத்துக்கு மேல் எடுப்பதில்லை. முதலில் எட்டு பாரை நிரப்புவதற்குப் பதிலாக, காலியாக இரண்டரை நிமிடத்துக்குக் கோடு போட்டுக்கொள்கிறேன். முதல் காலம் இங்கே, கடைசிக் காலம் அங்கே என்று கல் நட்டுவிட்டுத்தான் சத்தத்தைத் தொடுகிறேன். கிக் கடைசியில்தான் வரும். அது வருகிற வரை கேட்கிறவர் காத்திருப்பாரா என்பதுதான் பாட்டின் தரம். முக்கியமாக, பிடிக்காவிட்டாலும் முடித்துவிடுகிறேன். முடிந்த மோசமான பாட்டில் எங்கே தொய்கிறது என்று சித்தப்பாவால் விரல் வைத்துக் காட்ட முடியும். முடியாத நல்ல பாட்டில் அவருக்கு வேலை இல்லை. கிக் கோப்புறைகளை அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். வேறு ஒரு டிரைவுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

முன்னேற்றம் உண்டா என்றால், உண்டு. அம்மை இப்போதெல்லாம் மோட்டாரை நிறுத்தச் சொல்வதில்லை. ஒருதடவை நிஜமாகவே மோட்டார் ஓடித் தொட்டி வழிந்தபோது, என் பாட்டு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாள். கமகம் இன்னும் வரவில்லை. தோடியை நான் விட்டுவிட்டேன், தோடியின் நன்மைக்காக.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளைப் பக்கம் கோவில் கொடைக்கோ சர்ச் பெருநாளுக்கோ மைக் செட் கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். பெட்டி சோதிக்கப் பாட்டு வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது. நீளம் இரண்டரை நிமிடம். காசு வேண்டாம், ஒரு சாயா போதும். நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். கிக் அங்கேதான் இருக்கிறது.